மறுமுனையில் நிற்பவர்

தொலைபேசிக் கம்பியொன்றில் தொலைநகல் யந்திரத்தை இணைப்பது பெரிய வித்தையன்று. சுவரிலிருந்து வரும் வயரை யந்திரத்தின் 'லைன்' என்று குறிக்கப்பட்ட வாயிலிற் செருக வேண்டும். தொலைபேசியின் வயரை அதற்கு அருகிலுள்ள மற்ற வாயிலிற் செருக வேண்டும். பின்னர் மின்சாரத்தைக் கொடுக்க வேண்டும். பத்து நிமிட வேலை. ஆயினும், அந்தப் பத்து நிமிட வேலையை நாம் செய்து முடித்த விதத்தால் ஒரு தாய் கொழும்புக் கோட்டைப் புகையிரத நிலையத்தில் காலை முதல் நண்பகல் வரை திக்கற்று நிற்க நேர்ந்தது. பிறருடைய பிழைகளைப் பற்றி இத்தகைய பக்கங்களில் நாம் நிறைய எழுதியிருக்கிறோம். எமது பிழையையும் ஒருமுறை எழுதுவது நியாயமே.

1997ஆம் ஆண்டில் நாம் சிலர் சேர்ந்து கொழும்பில் ஒரு சிறிய அச்சகம் நடத்தி வந்தோம். அங்கே ஒரேயொரு தொலைபேசி இணைப்புத்தான் இருந்தது. இரண்டாவது இணைப்புக்கு ஆகும் செலவைத் தாங்க எமக்கு வசதியிருக்கவில்லை. அதே இணைப்பில் ஒரு தொலைநகல் யந்திரத்தையும் பொருத்துவதென முடிவு செய்தோம். வெளியூர்களிலிருந்த எழுத்தாளர்களுக்கு ஒப்புநோக்கும் தாள்களை அனுப்பவும், அவர்கள் திருத்தியவற்றைத் திரும்பப் பெறவும் தபாலை நம்பியிருந்த எமக்கு அது பெரிய விடுதலையாகத் தோன்றியது.

அந்த யந்திரத்தின்மீது எமக்கு இன்னொரு காரணத்தாலும் அன்பிருந்தது. தந்தி யுகம் உரோம எழுத்துக்களின் யுகம். 'அம்மா' என்ற சொல்லையும் அந்நிய எழுத்தில் உருமாற்றியே மோர்ஸ் குறியீட்டில் அனுப்ப வேண்டியிருந்தது. தொலைநகல் யந்திரத்திற்கோ எழுத்து எதுவென்ற கவலையே இல்லை. அது தாளின் ஒவ்வொரு வரியையும் 1728 புள்ளிகளாகப் பகுத்து, இது கறுப்பு, இது வெள்ளை என்று மாத்திரம் பார்க்கிறது. தமிழ், சிங்களம், சீனம், ஒரு குழந்தை கிறுக்கிய படம் ஆகிய யாவும் அதற்குச் சமம். மொழியின் பெயரால் இரத்தம் சிந்திய ஒரு நாட்டில், எல்லா எழுத்துக்களையும் ஒரே கண்ணாற் பார்க்கும் ஒரு யந்திரம் எமது மேசைக்கு வந்தபோது நாம் மகிழ்ந்ததில் வியப்பில்லை.

இதன் வரலாறு பலரும் எண்ணுவதைவிடப் பழையது. ஸ்கொத்லாந்தின் வடகோடியில் ஓர் ஏழைக் குடியானவன் வீட்டிற் பிறந்து, கடிகாரத் தொழில் பயின்ற அலெக்சாந்தர் பெய்ன் என்பவர் 1843இல் இதன் மூல யோசனைக்குக் காப்புரிமை பெற்றார். பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றது 1876இல்தான். 1865இலேயே பாரிசுக்கும் லியோனுக்கும் இடையே கஸெல்லி என்ற இத்தாலியரின் யந்திரம் கையெழுத்துப் பிரதிகளைத் தந்திக் கம்பி வழியே அனுப்பியது. ஆக, மனிதக் குரலுக்கு முன்னரே மனிதக் கையெழுத்து கம்பியில் ஏறிவிட்டது. ஆனால் உலகெங்கும் யந்திரங்கள் ஒன்றோடொன்று இசைந்து, ஒரு பக்கத்தைச் சுமார் ஒரு நிமிடத்தில் அனுப்பும் பொது நியமம் 1980இல்தான் உருவாயிற்று. அதன் பின்னரே அது சாதாரண அலுவலகங்களுக்கும் வீடுகளுக்கும் வந்தது. அங்கேதான் ஒரே கம்பியைக் குரலும் தாளும் பங்கிட்டுக்கொள்ளும் பிரச்சினையும் தோன்றியது.

மணி அடிக்கிறது. அழைப்பவர் மனிதரா, யந்திரமா? கம்பிக்கு அது தெரியாது. தானாக அழைக்கும் தொலைநகல் யந்திரம், செக்கனுக்கு 1100 அதிர்வுள்ள ஒலியை அரைச் செக்கன் எழுப்பி, மூன்று செக்கன் ஓய்ந்து, மீண்டும் எழுப்பும். ஏற்கும் யந்திரமோ 2100 அதிர்வுள்ள ஒலியைச் சில செக்கன்கள் நீட்டிப் பதிலளிக்கும். இவ்வாறு இரண்டும் கைகுலுக்கிக் கொண்ட பின்னரே தாள் நகரும். யந்திரத்துக்கு யந்திரம் புரியும் இந்த மொழி மனிதக் காதுக்கு வெறும் கீச்சொலியே.

நாம் எமது யந்திரத்தை, இரண்டாவது மணியிலே தானாக அழைப்பை ஏற்கும்படி வைத்தோம். அச்சு யந்திரத்தின் இரைச்சலிடையே மணி கேட்டு ஓடிவரும் சிரமம் எமக்கு இல்லாமற் போயிற்று. இரவில் வரும் தாள்களும் காலையில் மேசையிற் சுருண்டு கிடந்தன. ஒரு வாரம் எமது புத்திசாலித்தனத்தை நாமே மெச்சிக்கொண்டோம்.

எம்மிடம் அச்சுக் கோத்த இளைஞரொருவரின் தாய் அப்போது வவுனியாவில் ஒரு நலன்புரி முகாமில் இருந்தார். வன்னியிலிருந்து வந்தவர்கள் பாஸ் இல்லாமல் கொழும்புக்குப் பயணப்பட முடியாத காலம் அது. மாதக் கணக்கிற் காத்திருந்து அவருக்குப் பாஸ் கிடைத்தது. அடுத்த நாள் இரவுப் புகையிரதத்தில் வருவதாக மகனுக்குச் சொல்ல, எமது மக்கள் 'கொமினிகேஷன்' என்று அழைத்த கடையொன்றின் வரிசையில் நின்று எமது இலக்கத்தைச் சுழற்றச் செய்தார். இரண்டாவது மணியில் யந்திரம் ஏற்றது. அவருடைய காதிற் கீச்சிட்டது. மும்முறை முயன்றார். மும்முறையும் அதுவே பதில். பேச்சே நிகழாத அந்த மூன்று அழைப்புகளுக்கும் கட்டணம் அறவிடப்பட்டது.

ஆகவே கோட்டையில் அவரை எதிர்கொள்ள ஒருவரும் செல்லவில்லை. சிங்களம் தெரியாத, அடையாள அட்டையைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்த ஒரு வயோதிபத் தமிழ்ப் பெண், சோதனைச் சாவடிகள் நிறைந்த ஒரு நகரத்தின் வாயிலில் மகன் வருவான் என்று நின்றுகொண்டேயிருந்தார். ஈற்றில் புகையிரத நிலையத்துச் சிங்களச் சுமைகூலித் தொழிலாளி ஒருவர், மகனின் கடிதத் தலைப்பிலிருந்த எமது விலாசத்தைப் பார்த்து, ஒரு முச்சக்கர வண்டியில் அவரை ஏற்றிவிட்டார்.

அச்சகத்திற்கு வந்த அம்மையார் எம்மைக் கோபிக்கவில்லை. "தம்பி, நான் மூண்டு தரம் எடுத்தனான். ஒவ்வொரு தரமும் ஏதோ கீச்சிட்டுது. கடைசித் தரம் எடுக்கத் தேத்தண்ணிக்கு வைச்சிருந்த காசையும் குடுத்திட்டன். உங்கட போனுக்கு என்ன வருத்தமோ எண்டு நினைச்சன்" என்றார். அவர் ஏசியிருந்தால் எமக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று மாலையே கைநூலை எடுத்து முதற் பக்கத்திலிருந்து வாசித்தோம். அதில் ஒரு தீர்வு இருந்தது. யந்திரமே அழைப்பை ஏற்று அந்த 1100 அதிர்வொலி வருகிறதா என்று செவிமடுக்கும். வராவிடின் அழைப்பவர் மனிதரெனக் கொண்டு தன் மணியை அடித்து எம்மைக் கூப்பிடும். அப்படியே மாற்றினோம். அழைப்பவருக்குக் கீச்சொலி கேட்பது குறைந்தது. ஆனால் சில நாட்களில் இன்னோர் உண்மை புலப்பட்டது. யந்திரம் அழைப்பை ஏற்ற கணத்திலேயே அழைப்பவரின் கணக்கு ஓடத் தொடங்கிவிடுகிறது. எமது அறையில் அடிப்பது இரண்டாவது மணி. முதல் மணி ஓய்ந்து வெகுநேரமாயிற்று. நாம் கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஒலிவாங்கியை எடுக்கும் வரை, வவுனியாவில் நிற்பவர் எமது சாவதானத்துக்குப் பணம் செலுத்திக்கொண்டிருக்கிறார். எமக்கு மணியடிப்பதாகத் தோன்றினும், அவருக்கு அது பேச்சுக்கு முன்னரே ஓடும் கட்டணம்.

ஈற்றில் எளிய வழியையே கைக்கொண்டோம். பகலில் யந்திரத்தைக் கைமுறையில் வைத்தோம். மணி அடித்தால் எம்மில் ஒருவர் எடுப்பார். மனிதக் குரலாயின் பேசுவார். கீச்சொலியாயின் தொடக்கப் பொத்தானை அழுத்திவிட்டு ஒலிவாங்கியை வைப்பார். இரவில் மாத்திரம் யந்திரம் தானாக ஏற்கும். மேல்மாடியிலிருந்த துணைத் தொலைபேசியையும் சுவர்த் துளையில் நேரே செருகியிருந்தோம். அங்கே யாரேனும் இடையில் அதைத் தூக்கினால் பாதித் தாள் அறுந்துபோயிற்று. அதை அகற்றிவிட்டு, தொலைபேசியை யந்திரத்தின் வழியாகவே இணைத்தோம். இவற்றாலே எமக்குச் சிறிது வேலை கூடியது. அந்த வேலை எம்முடையது; அதை மறுமுனையில் நிற்பவரின் தலையிற் சுமத்த எமக்கு உரிமையில்லை என்பதைப் பிந்தியேனும் உணர்ந்தோம்.

உரிமையைப் பற்றி ஒரு சொல். ஐக்கிய அமெரிக்காவில் ஒரு காலத்தில் தொலைபேசிக் கம்பெனி தராத எந்தக் கருவியையும் அதன் கம்பியோடு இணைக்கத் தடையிருந்தது. வானொலிக் கருவியைத் தொலைபேசியோடு பொருத்தும் சாதனமொன்றைச் செய்த தோமஸ் காட்டர் அதை எதிர்த்து வழக்காடினார். 1968இல் அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணைக்குழு அத்தடையை நீக்கியது. ஏகபோகத்தின் பிடியிலிருந்து கம்பியின் நுனியை மக்களுக்கு மீட்டுத் தந்த தீர்ப்பு அது. நல்லது. ஆனால் கம்பிக்கு இரண்டு நுனிகள் உண்டு. எமது நுனியில் எதையும் இணைக்கும் உரிமை எமக்குக் கிடைக்கும்போது, மற்ற நுனியில் யார் நிற்கிறார், எவ்வளவு காசோடு நிற்கிறார் என்று கேட்கும் கடமையும் கூடவே வருகிறது.

இன்று தொலைநகல் யந்திரம் அருகிவிட்டது. செம்புக் கம்பி போய் ஒளியிழை வந்த வீடுகளில், குரலைத் துண்டு துண்டாக்கிக் கடத்தும் புதிய முறை அந்த நுண்ணிய ஒலிகளைச் சிதைக்கக்கூடும். அத்தகைய இணைப்பில் அதைப் பொருத்துவோர் அனுப்பும் வேகத்தைக் குறைத்தே சமாளிக்க வேண்டியிருக்கிறது. ஆனால் அன்று எமது அச்சகத்தில் நாம் செய்த பிழை அருகவில்லை. அது வளர்ந்து பெரிய ஸ்தாபனங்களின் வாசலிற் குந்தியிருக்கிறது. இந்த மொழிக்கு ஒன்றை அழுத்துக, அந்தப் பிரிவுக்கு மூன்றை அழுத்துக, காத்திருக்க, இசையைக் கேட்க. ஊழியர் ஒருவரின் சம்பளத்தை மிச்சப்படுத்த, ஆயிரம் பேரின் நேரமும் காசும் செலவாகின்றன. அதற்கு வசதி என்று பெயர்.

யந்திரத்தை நாம் வெறுக்கவில்லை. தமிழையும் சிங்களத்தையும் ஒரே கண்ணாற் பார்த்த அந்த யந்திரத்தை இன்றும் நன்றியோடு நினைக்கிறோம். அதை இரண்டாவது மணிக்கு வைத்தவர்கள் நாமே. எந்தக் கருவியை எந்தக் கம்பியில் இணைக்க முற்படினும், கைநூலைத் திறக்குமுன், வரிசையில் நின்று தேநீர்க் காசை எண்ணிக் கொடுக்கும் அந்த அம்மையாரை ஒருகணம் எண்ணிப் பார்க்குமாறு வாசகர்களை வேண்டிக்கொள்கிறோம்.