பாவும் பனியும்

மார்கழி விடியற்காலையில் ஆரணியில் எங்கள் தெருவுக்கு வந்து பாருங்கள். தெரு நீளத்துக்குப் பட்டுப் பாவு நீட்டியிருக்கும். கஞ்சி தோய்த்து, இழை இழையாக நீவி விட்டுக்கொண்டிருப்பார்கள். இளவெயிலில் அது காய வேண்டும். ஈரத்தோடு சுருட்டினால் இழைகள் ஒட்டிக்கொண்டு, தறியில் ஏறியதும் பட்பட்டென்று அறும்.

பெரியப்பாவுக்கு ஒரு கணக்கு உண்டு. சாயங்காலம் டீக்கடை அடுப்புப் புகை நேரே மேலே போனால் மறுநாள் பாவு நீட்டலாம். கூரை மட்டத்துக்கு எழும்பி, அங்கேயே பாய் விரித்தாற்போல் படுத்துக்கொண்டால் கூடாது.

போன மார்கழியில் ஒரு நாள், "புகை படுத்துக்கிச்சுடா, நாளைக்கு வேணாம்" என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். கைபேசியைப் பார்த்து, "வானம் நிர்மலமாக இருக்குமாம், பெரியப்பா" என்றேன். தை முகூர்த்தத்துக்குக் கல்யாணப் புடவை, அவருக்கும் அவசரம். என் பேச்சை நம்பி நீட்டினார். பனி இறங்கியது பாருங்கள், எதிர்வீட்டுத் திண்ணைகூடத் தெரியவில்லை! ஒன்பது மணி வரை சூரியன் கண்ணில் படவில்லை. மூன்று புடவைப் பாவு சொதசொதவென்று கிடந்தது. அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இரண்டு நாள் கழித்துப் போளூர் வழியாக ஜவ்வாது மலைக்குப் போக நேர்ந்தது. அடிவாரத்தில் ஸ்வெட்டருக்குள்ளும் நடுக்கம். பஸ் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தது. சில வளைவுகள் ஏறியதும் சட்டென்று பளீர் வெயில், இதமான காற்று! திரும்பிப் பார்த்தால் கீழே ஊரெல்லாம் மறைந்து ஒரே பால் கடல்.

மேலே போகப் போகக் குளிரும் என்றுதானே படித்தோம்? ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 6½ டிகிரி என்பது பொதுக் கணக்கு. பனிக்கால இரவில் அது தலைகீழாகிவிடுகிறது. மேகமில்லாத வானத்தில் தரையின் சூடெல்லாம் வெளியேறிவிடும். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துப் பள்ளத்தில் தங்கும். அதன்மேல் வெதுவெதுப்பான காற்று மூடி போட்டாற்போல் உட்காரும். அந்த மூடியைத் தாண்டிப் புகையும் போகாது, ஈரமும் போகாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பிய ஏரியும் வயலும் கொடுக்கிற ஈரம்தான் பனிமூட்டம். அதாவது, கைபேசி சொன்ன நிர்மலமான வானமே வினை! அதே மலையில் 725 மீட்டர் உயரத்தில் காவலூர் வான ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நட்சத்திரம் பார்க்கிறவர்களுக்குக் கொண்டாட்டமான இரவு, நெசவாளிக்குத் திண்டாட்டம்.

உதகையிலும் இதே கூத்துதான். டிசம்பர், ஜனவரியில் காந்தல், தலைக்குந்தா போன்ற தாழ்ந்த இடங்களில் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்திருக்கும். மேலே சரிவில் இருக்கிற தேயிலை தப்பித்துக்கொள்ளும். 2018-ஆம் ஆண்டு போகியன்று சென்னையில் எரித்த புகை கலையாமல் நின்று, விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊருக்குத் திரும்பின.

இத்தனையையும் பெரியப்பாவிடம் விஸ்தாரமாக விளக்கினேன். அறுந்த இழையை முடிந்துகொண்டே கேட்டார். "மூடின்னா சொல்றே? சரிதான். புகை அதிலேதான் போய் முட்டுது" என்று சொல்லிவிட்டு அடுத்த இழையைத் தேடினார்.

பெண் வீட்டார் முகூர்த்தத்துக்கு முதல் நாள் இரவு வந்து புடவையை வாங்கிக்கொண்டு போனார்கள்.