மிதித்தவர்களின் பிள்ளைகள்



அயல்நாடு சென்று மீளும் குருக்கள் உரோமாபுரியைப் பற்றியும் லூர்து நகரைப் பற்றியும் எழுதுவது வழக்கம். நான் சென்று வந்ததோ ஜப்பான் தேசத்தின் மேற்குக் கோடியில், மலைக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் சோடோமே என்னும் கடற்கரைப் பகுதி. அங்கே புதுமை நடந்ததாக எவரும் சொல்வதில்லை; மெழுகுவர்த்திக் கடைகளும் இல்லை. ஒரு நாவலின் பொருட்டே அங்குச் சென்றேன் என்றால் சிலருக்கு நகைப்புத் தோன்றலாம்.

ஷூசாகு எண்டோ என்னும் கத்தோலிக்க எழுத்தாளர் 1966-இல் வெளியிட்ட 'மௌனம்' என்பது அந்நாவல். அயர்லாந்து நாட்டுச் சேசு சபைக் குரு ஒருவர் அதனை ஆங்கிலத்தில் பெயர்த்தார். குருமடத்தில் தத்துவ இயல் பயின்ற நாளில், நூலகத்தின் கீழ்த்தட்டிலிருந்து அதை எடுத்து இரண்டே இரவில் படித்து முடித்தேன். முடித்தபோது என்னுள் எஞ்சியது கோபம் ஒன்றே. வேதத்தை மறுதலித்த குரு ஒருவரைக் கதைத் தலைவராக்கி, அவர்பால் நம்மை இரங்கவும் வைப்பதா என்று சக மாணவர்களிடம் வாதிட்டேன். இருபது வயதில் தீர்ப்பு வழங்குவது எளிது.

கதையைச் சுருங்கச் சொல்கிறேன். 17-ஆம் நூற்றாண்டு. ஜப்பானில் வேத கலாபனை உச்சத்தில் நிற்கிறது. தம் ஆசிரியரான பெரைரா சுவாமி விசுவாசத்தைக் கைவிட்டார் என்ற செய்தியை நம்ப மறுத்து, போர்த்துக்கீசிய இளங்குருக்கள் இருவர் கள்ளத்தனமாகக் கரையேறுகின்றனர். அவர்களுக்கு வழிகாட்டி கிச்சிஜிரோ என்னும் குடிகாரன். உடன்பிறந்தோர் விசுவாசத்துக்காகத் தீயில் வெந்தபோது, கிறிஸ்துவின் படத்தை மிதித்து உயிர் தப்பியவன் அவன். பின்னர் வெள்ளிக் காசுக்காக ரோட்ரிகஸ் சுவாமியையும் காட்டிக் கொடுக்கிறான். கொடுத்துவிட்டு, அதே குருவின் பின்னால் அழுதுகொண்டே ஓடி வந்து பாவமன்னிப்புக் கேட்கிறான், மீண்டும் விழுகிறான், மீண்டும் வருகிறான். சிறையில் ஓரிரவு ரோட்ரிகஸ் சுவாமியின் காதில் குறட்டைச் சத்தம் விழுகிறது. காவலன் உறங்குகிறான் என்று எண்ணிச் சிரிக்கிறார். அது குறட்டையன்று, குழியில் தலைகீழாகத் தொங்கும் ஏழைக் குடியானவர்களின் முனகல். குரு படத்தை மிதித்தால் அவர்கள் இறக்கி விடப்படுவர். அவர் மிதிக்கிறார். தொலைவில் சேவல் கூவுகிறது.

இது முழுதும் கற்பனையன்று. நாகசாகி இரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் நிஷிசாகா என்னும் குன்று உள்ளது. 1597 பிப்ரவரி 5-ஆம் நாள் 26 பேர் அங்கே சிலுவைகளில் அறையப்பட்டு ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டனர். அவர்களுள் ஒருவர் நம் பாரத நாட்டின் வசையில் பிறந்த புனித கொன்சாலோ கார்சியா. ஒரு சிறுவனுக்கு வயது 12. இன்று அவ்விடத்தில் 26 வெண்கல உருவங்கள் வரிசையாக நிற்கின்றன. பாதங்கள் தரையைத் தொடாமல், விண்ணேறுவன போல. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2019 நவம்பரில் இங்கு வந்து செபித்தார். நானும் முழந்தாளிட்டேன். வீரத்தின் முன் முழந்தாளிடுவது யாருக்கும் கடினமன்று.

ஆனால் அதே குன்றில் 1633 அக்டோபரில் நடந்ததை அந்த வெண்கல உருவங்கள் சொல்லவில்லை. அவ்வாண்டு சில குருக்களை உடலைக் கயிற்றால் இறுகக் கட்டி, தலை கீழாக, அசுத்தம் நிறைந்த குழிக்குள் தொங்கவிட்டனர். அவர்களுள் ஒருவர் யூலியன் நகவுரா. சிறுவனாக இருந்தபோது ஜப்பானியத் தூதுக் குழுவோடு கப்பலேறி உரோமை சென்று, பாப்பரசர் 13-ஆம் கிரகோரியாரைக் கண்டு வந்தவர். இன்னொருவர் சேசு சபையின் தலைவர் பொறுப்பில் இருந்த கிறிஸ்டோபர் பெரைரா. ஏறத்தாழ இரண்டு பத்தாண்டுகள் ஒளிந்து மறைந்து ஊழியம் செய்தவர். நகவுரா சுவாமி மூன்று நாட்களுக்குப் பின் உயிர் நீத்தார். 2008-இல் முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்கப்பட்டார். பெரைரா சுவாமியோ ஏறத்தாழ ஐந்து மணி நேரத்தில் மறுதலித்தார். ஜப்பானியப் பெயர் சூட்டப்பட்டு, அரசாங்கத்துக்கு ஊழியராகி, 1650-இல் நாகசாகியிலேயே இறந்தார். ஒரே குன்று, ஒரே வாரம், ஒரே சபையின் இரண்டு மனிதர்கள். ஒருவருக்குக் கிடைத்த வரம் மற்றவருக்கு ஏன் கிடைக்கவில்லை என்ற கேள்விக்கு இறையியல் நூல்களில் விடை உண்டு. அந்தக் குன்றின் மேல் நின்றபோது எனக்கு அவ்விடைகளில் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் சோடோமேக்குப் புறப்பட்டேன். பேருந்தில் ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம். இடையில் இறங்கி வேறு பேருந்து ஏற வேண்டும்; மொழி தெரியாத நான் தவறான வண்டியில் ஏறி அமர்ந்திருக்க, ஒரு பாட்டியம்மாள் என் கையைப் பற்றி இழுத்துச் சரியான வண்டியில் ஏற்றிவிட்டார். மலைச்சரிவு நேரே கடலுக்குள் இறங்குகிறது. சமதரை என்பதே அரிது. இத்தகைய பாறை நிலத்தில், சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் மீனையும் நம்பி வாழ்ந்த குடியானவரிடையேதான் விசுவாசம் 250 ஆண்டுகள் மறைந்து உயிர் வாழ்ந்தது.

குன்றின் விளிம்பில் எண்டோ நினைவாக 2000-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இலக்கியக் காட்சிசாலை உள்ளது. அவருடைய கையெழுத்துப் பிரதிகளும் மேசையும் அங்கே வைக்கப்பட்டிருக்கின்றன. 1923-இல் பிறந்த இவர், தாயார் கத்தோலிக்கரானபின் சிறுவயதில் ஞானஸ்நானம் பெற்றார். தம் மேல் பிறர் அணிவித்த மேல்நாட்டு உடுப்பு உடலுக்குப் பொருந்தவில்லை என்று தம் விசுவாசத்தைப் பற்றி வாழ்நாளெல்லாம் சொல்லி வந்தவர். ஆனால் கழற்றி எறியவும் இல்லை. காச நோயால் மருத்துவமனையில் நெடுநாள் கிடந்து, நுரையீரலில் மூன்று முறை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். நாகசாகியில் மிதிபடம் ஒன்றை அவர் காண நேர்ந்தது. மிதிபடம் என்பது கிறிஸ்துவின் அல்லது தேவமாதாவின் உருவம் பதித்த சிறு பலகை; கிறிஸ்தவரா அல்லரா என்று சோதிக்க அதிகாரிகள் கையாண்ட கருவி. அதன் விளிம்பில் கால்விரல்கள் அழுத்தி அழுத்திப் படிந்த கருமையை எண்டோ கண்டார். மிதித்தவர்கள் யார், மிதித்தபோது என்ன நினைத்தார்கள் என்ற கேள்வி அவரை விடவில்லை. அக்கேள்வியே நாவலாயிற்று. மறுதலித்தவர்களைப் பற்றி ஏடுகள் பேசுவதில்லை. அந்த மௌனமும் நூலின் தலைப்பில் உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது.

நூல் வந்தபோது ஜப்பானியக் கத்தோலிக்கர் பலர் மனம் நொந்தனர்; என் இளமைக் கோபம் அவர்களுக்கும் இருந்தது. இன்றும் நான் அந்நூலை முழுதும் ஏற்கிறேன் அல்லேன். படத்திலுள்ள கிறிஸ்துவே மிதிக்கச் சொல்வதாக வரும் இடம் எனக்கு இடறலாகவே இருக்கிறது. துன்புறும் மனத்தின் குரலையும் ஆண்டவரின் குரலையும் பிரித்தறிவது எளிதன்று என்பதைக் குருவானவர் எவரும் அறிவர். ஆனால் இளமையில் நான் செய்த தவறு வேறு. கதை முடிந்துவிட்டது என்றெண்ணி, இறுதியில் பிற்சேர்க்கை போலத் தரப்பட்ட அதிகாரி ஒருவரின் நாட்குறிப்பைப் படியாமல் மூடிவிட்டேன். வறட்டு நடையில் கணக்குப் போல எழுதப்பட்ட அந்தப் பக்கங்களில்தான் எண்டோ எல்லாவற்றையும் ஒளித்து வைத்திருக்கிறார். ஏற்கெனவே மறுதலித்த ரோட்ரிகஸ் சுவாமியிடம் பல ஆண்டுகளுக்குப் பின் மறுதலிப்பு ஓலை மீண்டும் எழுதி வாங்கப்படுகிறது. மீண்டும் எதற்கு? கிச்சிஜிரோவோ அதே வீட்டில் வேலையாளாக இருக்கிறான். அவனைச் சோதித்தபோது புனிதர்களின் உருவம் பொறித்த தாயத்து ஒன்று அகப்படுகிறது. காசுக்குக் காட்டிக் கொடுத்தவன், கடைசி வரை அவரைவிட்டுப் போகவில்லை. கிச்சிஜிரோவில் தம்மையே கண்டதாக எண்டோ சொன்னதுண்டு.

காட்சிசாலையிலிருந்து நடக்கும் தொலைவில் ஷிட்சு கோயில் இருக்கிறது. டெ ரோ என்னும் பிரெஞ்சுக் குரு 1882-இல் கட்டியது. நம் புதுவை நாட்டில் உழைத்த பாரீஸ் வேதபோதக சபையைச் சேர்ந்தவரே அவரும். பிரபுக் குடும்பத்தில் பிறந்து, தம் பங்குச் சொத்தையெல்லாம் இவ்வேழைகளுக்குச் செலவிட்டு, பெண்களுக்கு நெசவும் மாவு இழைக்கும் தொழிலும் கற்பித்து, 1914-இல் இறக்கும்வரை தாய்நாடு திரும்பாதவர். அவர் கற்பித்த முறையில் செய்த மெல்லிய மாவிழை அவர் பெயராலேயே இன்றும் விற்கிறது. ஒரு கட்டு வாங்கி வந்தேன். எங்கள் சமையற்காரர் அதைச் சேமியா என்று கருதிப் பாயசம் வைத்துவிட்டார்.

என்னை நிலைகுலையச் செய்த செய்தி இனிமேல்தான். 1614-இல் நாடு முழுதும் வேதம் தடை செய்யப்பட்டு, பின்பு குருக்கள் ஒருவரும் எஞ்சாமல் போயினர். திருப்பலி இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. நாகசாகிப் பகுதியில் ஆண்டு பிறக்கும்போதெல்லாம் ஊரார் அனைவரும் வரிசையில் நின்று படத்தை மிதித்தாக வேண்டும். மறைந்து வாழ்ந்த கிறிஸ்தவர்களும் மிதித்தனர். மிதித்துவிட்டு வீடு திரும்பி, கதவை அடைத்துக்கொண்டு, 'கொஞ்சிரிசான்' செபம் சொல்லி அழுதனர். போர்த்துக்கீசிய மொழியின் மனஸ்தாபச் சொல்லே ஜப்பானிய நாவில் அவ்வாறு திரிந்தது. பாவசங்கீர்த்தனம் கேட்கக் குரு இல்லாத இடத்தில் உத்தம மனஸ்தாபத்தால் மன்னிப்புப் பெறலாம் என்று விளக்கும் சிறு நூலைப் பழைய மிஷனரிமார் விட்டுச் சென்றிருந்தனர். அதைக் கையால் படியெடுத்தும் மனப்பாடம் செய்தும் தலைமுறை தலைமுறையாகக் காத்தனர். நம் வீட்டுக் குழந்தைகள் புதுநன்மைக்கு முன் ஒப்பிக்கும் அதே உத்தம மனஸ்தாபம்!

1865 மார்ச் 17-ஆம் நாள் நாகசாகியில் புதிதாகக் கட்டிய ஓவுரா கோயிலுக்கு, உரகாமி என்னும் சிற்றூரிலிருந்து பதினைந்து பேர் போல வந்தனர். பெத்தித்ஜான் சுவாமி செபித்துக்கொண்டிருந்தார். ஒரு பெண்மணி அருகே வந்து, தங்கள் உள்ளமும் அவருடைய உள்ளமும் ஒன்றே என்று தாழ்ந்த குரலில் சொல்லி, சாந்தா மரியாவின் சுரூபம் எங்கே என்று வினவினார். அந்தச் சுரூபம் இன்றும் அக்கோயிலில் நிற்கிறது. அதன் முன் நெடுநேரம் அமர்ந்திருந்தேன். அங்கு வந்த அந்தப் பதினைவர் யார்? நிஷிசாகாவில் இறந்த வேதசாட்சிகளை நாம் பீடத்தில் வைத்து வணங்குகிறோம், அதில் ஐயமில்லை. ஆனால் செபத்தையும் ஞானஸ்நானத்தையும் 250 ஆண்டுகள் சுமந்து அந்தக் கோயில் வாசல் வரை கொண்டு சேர்த்தவர்கள், ஆண்டுதோறும் மிதித்தவர்களின் பிள்ளைகள். இவர்களும் பின்னர் சோதிக்கப்பட்டனர். உரகாமி மக்களில் 3,000-க்கும் மேற்பட்டோர் நாட்டின் பிற பகுதிகளுக்குக் கடத்தப்பட்டு, நூற்றுக்கணக்கில் மாண்டனர். 1873-இல்தான் தடை நீங்கியது. 1945 ஆகஸ்ட் 9-இல் அணுகுண்டு விழுந்ததும் அதே உரகாமியின் மேல்தான். அதைப் பற்றி இங்கே எழுதப் புகுந்தால் இவ்விதழ் போதாது.

ஓவுரா கோயிலில் அமர்ந்திருந்தபோது என் நினைவில் வந்தவர் என் பங்கைச் சேர்ந்த ஒருவர். ஒப்புரவு இருக்கையில் கேட்டதை எழுதும் உரிமை எனக்கில்லை; இது பங்கு இல்லத்துத் திண்ணையில் நடந்தது; அவரிடம் கேட்டுக்கொண்டே எழுதுகிறேன். சுமை தூக்கும் தொழிலாளி. ஒவ்வொரு தபசு காலத்திலும் பாடுபட்ட சுரூபத்தைத் தொட்டு, இனிக் குடிப்பதில்லை என்று சத்தியம் செய்வார். உயிர்ப்புத் திருநாளுக்குள் முறித்துவிடுவார். நான்காம் ஆண்டு அவர் வந்தபோது எனக்கு வேலை மிகுதி, பொறுமை குறைவு. "இனிச் சத்தியம் பண்ண இங்கே வராதே. உன்னால சத்தியத்துக்கே மரியாதை போச்சு" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படியிறங்கினார். அதன் பின் இரண்டு ஆண்டுகள் அவரைக் கோயிலுக்குள் நான் கண்டதில்லை. ஞாயிறுகளில் மதிலுக்கு வெளியே புளியமரத்தடியில் நிற்பதாக உபதேசியார் ஒருமுறை சொன்னார். கேட்டுவிட்டு வேறு வேலை பார்த்தேன். ரோட்ரிகஸ் சுவாமி கிச்சிஜிரோவை எவ்வளவு அருவருத்தாலும், அவன் கேட்டபோது பாவமன்னிப்பு மொழிகளை உச்சரிக்க மறுக்கவில்லை. அந்தக் கதாபாத்திரத்தின் மேல் கோபம் கொண்ட நான்தான் மறுத்திருந்தேன்.

ஊர் திரும்பிய மூன்றாம் நாள் மாலை அவர் வீட்டுக்குச் சென்றேன். அவர் மனைவி பதறிப் போய்ப் பாயை விரித்தார். அவர் கொல்லைப்புறத்திலிருந்து வந்து, உட்காராமல் கதவோரம் நின்றார். சாராய வாடை இருந்தது.

"சாமி, சத்தியம் எதுவும் பண்ண மாட்டேன்" என்றார்.

"வேண்டாம்ப்பா. நான் அதுக்கு வரல" என்றேன்.

வேறென்ன சொல்வதென்று தெரியவில்லை. வீட்டுப் படத்தின் முன் விளக்கேற்றச் சொல்லி, மூவரும் முழந்தாளிட்டு உத்தம மனஸ்தாப மந்திரம் சொன்னோம். ஆயிரம் முறை பிறருக்குச் சொல்லிக் கொடுத்த மந்திரத்தில், நடுவே எனக்கு ஒரு வரி தவறிவிட்டது. அவர் எடுத்துக் கொடுத்தார்.