தான மாடும் பல்லும்

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். லினக்ஸ் விஷயத்தில் கொடுத்தவர்களே, "பல்லைப் பார், பிடிக்காவிட்டால் வேறு பல் கட்டிக்கொள்" என்கிறார்கள். மூல நிரல் முழுவதும் திறந்தே கிடக்கிறது. 1991-இல் ஹெல்ஸிங்கியில் லைனஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் ஆரம்பித்து வைத்த காரியம். பெரிய ஸ்தாபனங்களுக்கு இது லாயக்குத்தானா என்று இன்னமும் சிலர் சந்தேகப்படுகிறார்கள்.

லண்டன் பங்குச் சந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். 2008 செப்டம்பர் 8-ஆம் தேதி அங்கே ஏறக்குறைய ஏழு மணி நேரம் வியாபாரம் நின்றுபோயிற்று. அப்போது இருந்தது மைக்ரோஸாப்ட் தளத்தின் மேல் கட்டிய ஏற்பாடு. (பழி அதன்மேல்தானா என்பது வேறு விஷயம்.) மறு வருஷம் அவர்கள் இலங்கையிலுள்ள மில்லேனியம் ஐ.டி. என்ற கம்பெனியையே விலைக்கு வாங்கினார்கள். 2011 பிப்ரவரியில், அந்தக் கம்பெனி லினக்ஸின் மேல் கட்டிய ஏற்பாட்டுக்கு மாறினார்கள். கண் இமைப்பதற்குள் லட்சங்கள் கைமாறும் இடம் அது.

ஆனால் மூனிக் நகரசபையின் கதை வேறு. 2003-இல் லினக்ஸுக்கு மாறுவதென்று தீர்மானித்தார்கள். மைக்ரோஸாப்டின் தலைவர் ஸ்டீவ் பால்மரே நேரில் வந்து மேயரிடம் பேசிப் பார்த்தார், மேயர் மசியவில்லை. பத்து வருஷத்தில் சுமார் 15,000 கணிப்பொறிகள் மாறின. 2017-இல் அதே சபை விண்டோஸுக்கே திரும்புவதென்று தீர்மானித்தது. 2020-இல் வந்த புதிய கூட்டணியோ, முடிந்த இடமெல்லாம் திறந்த நிரலே என்று ஒப்பந்தம் செய்துகொண்டது. மாமியார் வீட்டுக்கும் பிறந்த வீட்டுக்குமாக அலையும் பெண்ணின் பெட்டி மாதிரி!

இதில் யந்திரத்தின் குற்றம் கொஞ்சம்தான் என்று எனக்குப் படுகிறது. உள்ளறை யந்திரத்தோடு பழகுகிறவர்கள் விஷயம் தெரிந்த நாலு பேர். மேஜையில் இருப்பதோடு பழகுகிறவர்கள் ஆயிரக்கணக்கான குமாஸ்தாக்கள். வெளியிலிருந்து வந்த கடிதத்தைத் திறந்தால் கட்டங்கள் கலைந்து நிற்கின்றன; அவர்கள் யாரைப் போய்க் கேட்பது?

கேட்பதற்கும் ஆள் உண்டு, பணம் கொடுத்தால். லினக்ஸுக்குப் பராமரிப்பு விற்கும் ரெட் ஹாட் கம்பெனியை 2019-இல் ஐ.பி.எம். வாங்கியது 3,400 கோடி டாலருக்கு. "இனாமாய்க் கிடைக்கிற சாமானுக்கா இவ்வளவு?" என்றாள் என் மனைவி. "மாடுதான் இனாம், மாட்டு வைத்தியர் இனாம் இல்லையே" என்றேன்.

என் நண்பர் ஒருவரின் காரியாலயத்தில் இப்போது இதே யோசனை. உள்ளறையைத் தயங்காமல் மாற்றச் சொன்னேன். மேஜைகளில் கை வைக்குமுன், கணக்குப் பிரிவில் ஓய்வு பெற மூன்று வருஷமே இருக்கும் அந்த அம்மாளிடம் ஒரு மாசம் கொடுத்துப் பாருங்கள் என்றேன். ஐந்து முறை கூட்டம் போட்டுப் பேசிவிட்டார்களாம்; அந்த அம்மாளைக் கேட்கவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லையாம்.