உயர்த்திய ட்ரக்கும் அப்பர் ஆர்மும்

பெரும்பாலான பிக்கப் ட்ரக்குகளில் ஒவ்வொரு முன்சக்கரத்தையும் சேசிஸோடு இணைப்பவை இரண்டு ஆர்ம்கள். மேலே இருப்பது அப்பர் ஆர்ம், கீழே லோயர் ஆர்ம். அப்பர் ஆர்ம் கவட்டை போன்றது. அதன் இரு கால்களும் புஷ் என்னும் உருளைகள் வழியாகச் சேசிஸில் ஊசலாடும். கால்கள் கூடும் முனையில் உள்ள பால் ஜாயின்ட், சக்கரம் பொருந்தும் நக்கிளின் தலையைப் பிடித்திருக்கும். 2005-க்குப் பிந்தைய டொயோட்டா டகோமாவில் காயில் ஸ்பிரிங்கும் ஷாக்கும் லோயர் ஆர்மின்மேல் உட்காருகின்றன. ஆகவே வண்டியின் எடையைச் சுமப்பது லோயர் ஆர்ம்தான். அப்பர் ஆர்மின் வேலை, பிரேக் பிடிக்கும்போதும் திரும்பும்போதும் சக்கரத்தின் தலை நகராமல் பிடித்துவைப்பது. 1986 முதல் 1995 வரையிலான டொயோட்டா 4x4 பிக்கப்களில் நிலைமை வேறு. அவற்றில் ஸ்பிரிங்காகச் செயல்படும் டார்ஷன் பார் என்னும் முறுக்குக் கம்பி அப்பர் ஆர்மோடு இணைந்திருந்ததால் எடையும் அதன்மேல் இறங்கியது. எடை எங்கே இறங்குகிறது என்பதை அறியாமல் ஆர்மின் தடிமனைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

ட்ரக்கை உயர்த்தும் வழக்கம் தென் கலிபோர்னியாவிலும் மெக்சிகோவின் பாஹா தீபகற்பத்திலும் ஆழ வேரூன்றியது. டிஹுவானாவிலிருந்து லா பாஸ் வரையான பாலைவன வாகனப் பந்தயம் 1967-இல் தொடங்கியது. அத்தகைய பந்தய வண்டிகளுக்குச் செய்து பழகிய கைகள் சில இன்று சாலை வண்டிகளுக்கும் ஆர்ம் செய்கின்றன. சாதாரண உரிமையாளர் முன்புறத்தை 2 அல்லது 3 அங்குலம் உயர்த்துகிறார். ஸ்பிரிங்கை மாற்றினால் உயரம் வந்துவிடும். ஆனால் இரு ஆர்ம்களும் கீழ்நோக்கிச் சாய்வதால் சக்கரத்தின் கோணங்கள் மாறிவிடுகின்றன.

முதலில் கெடுவது கேஸ்டர். பக்கவாட்டில் பார்த்தால், சக்கரம் திரும்பும் அச்சு எவ்வளவு பின்சாய்ந்திருக்கிறது என்பதே கேஸ்டர். சைக்கிளின் முன்கவையும் இப்படித்தான் சாய்ந்திருக்கிறது. கையை விட்டு ஓட்டினாலும் சைக்கிள் நேரே போக இந்தச் சாய்வும் உதவுகிறது. கேஸ்டர் குறைந்த ட்ரக் நெடுஞ்சாலையில் அங்குமிங்கும் அலையும், திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது. டகோமாவில் கேம்பர் (முன்னிருந்து பார்த்தால் தெரியும் சக்கரத்தின் சாய்வு), கேஸ்டர் இரண்டையும் லோயர் ஆர்மின் கேம் போல்ட்களால்தான் சரிசெய்ய வேண்டும். கேம்பரை நேராக்கியதிலேயே போல்ட்டின் எல்லை முடிந்துவிட்டால், கேஸ்டருக்கு மிச்சமிருப்பது கொஞ்சம்தான். அலைன்மென்ட் மெக்கானிக் கொடுக்கும் அச்சிட்ட தாளில் இது எண்ணாகவே தெரியும். இதைத் தீர்க்கத்தான் மாற்று அப்பர் ஆர்ம்களில் பால் ஜாயின்ட்டைச் சற்றுப் பின்தள்ளி வைக்கிறார்கள். பலவற்றில் 2 முதல் 4 டிகிரி கேஸ்டர் இப்படி வடிவத்திலேயே கிடைக்கிறது. இதற்கு ஒரு விலை உண்டு. சக்கரமும் சிறிது பின்னகர்வதால், பெரிய டயர் திரும்பும்போது கேபின் மவுண்டில் உரசலாம்.

இரண்டாவது சிக்கல், சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது வருகிறது. நீளமான ஷாக் சக்கரத்தை முன்னைவிடக் கீழே இறங்கவிடும். அப்போது கம்பெனி ஆர்ம் ஸ்பிரிங்கிலோ அதன் கூட்டிலோ இடிக்கக்கூடும். பால் ஜாயின்ட்டும் தன் கோண எல்லையைத் தொட்டு இறுகும். எல்லை தாண்டிய நெம்பலில் முதலில் ரப்பர் உறை கிழியும், பிறகு தண்டு தேயும்.

இந்த இரண்டு சிக்கலும் இல்லாத வண்டிக்குப் புது ஆர்ம் தேவையில்லை. 2 அங்குலத்துக்குள் உயர்த்தி, அலைன்மென்ட் அளவுக்குள் வந்து, எதுவும் இடிக்காவிட்டால் பழைய ஆர்மே போதும். ஆயினும் கடைகள் லிஃப்ட் கிட்டோடு ஆர்மையும் சேர்த்து விற்கின்றன. ஒரு ஜோடி பெரும்பாலும் 500 முதல் 1,000 டாலர். அலைன்மென்ட் தாளைப் பார்க்காமல் வாங்குபவர் பெயிண்டுக்குத்தான் பணம் கொடுக்கிறார்.

ஆர்மின் தரம் பட்டறையில் முடிவாகிறது. உருக்குக் குழாயை வளைத்து, ஒரு குழாயின் முனையை மற்றதன் வளைவுக்குப் பொருந்தக் குடைந்து, வெல்டிங்கில் சேர்க்கிறார்கள். சாதாரண உருக்குக் குழாயும் உண்டு, 4130 குரோமாலி குழாயும் உண்டு. வலுவுக்கு நிகராக இங்கே முக்கியமானது ஜிக் என்னும் பிடிசட்டம். வெல்டிங்கின் சூட்டில் உருக்கு இழுத்துக்கொள்ளும். புஷ் குழல்கள் இரண்டும் ஒரே அச்சில் நிற்கவில்லை என்றால் ஆர்ம் எளிதாக ஊசலாடாது, புஷ் சீக்கிரம் தேயும். ஆகவே துண்டுகளை ஜிக்கில் இறுக்கி, அங்கங்கே புள்ளி வைத்து, பக்கம் மாற்றி மாற்றி வெல்ட் ஓட்டி, ஆறும்வரை அதிலேயே விடுகிறார்கள். பால் ஜாயின்ட் உட்காரும் துளையை வெல்டிங் முடிந்தபின் கடைவதே நல்ல முறை. முன்பே கடைந்த துளை சூட்டில் வடிவம் மாறக்கூடும். வாங்குபவர் பார்க்க வேண்டியது, சீரான தையல் போன்ற வெல்டையும் புஷ் குழல்கள் நேராக நிற்பதையும்.

அடுத்த தேர்வு மூட்டு. உறையிட்ட பால் ஜாயின்ட் தூசியும் நீரும் உள்ளே விடாது. தினசரி ஓட்டத்துக்கு ஏற்றது. யூனிபால் என்பது உருண்டை பேரிங். அது அதிகக் கோணம் தரும், ஆனால் திறந்திருப்பதால் மணலும் உப்பும் ஏறி விரைவில் கடகடக்கும். பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் அமெரிக்க மாநிலங்களில் இது தொல்லை. வறண்ட பாலைவனத்தில் கழுவி வைத்துக்கொள்பவருக்கு ஏற்றது. ஐகான் நிறுவனத்தின் டெல்டா ஜாயின்ட், உறையையும் அதிகக் கோணத்தையும் ஒன்றாகத் தர முயன்ற வடிவம். கொலராடோவின் எஸ்பிசி நிறுவன ஆர்மில் பால் ஜாயின்ட்டையே நகர்த்திக் கேம்பரையும் கேஸ்டரையும் சரிசெய்யலாம்.

புஷ்களிலும் வேறுபாடு உண்டு. கம்பெனி ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு அசைவது. சத்தமில்லை, கிரீஸும் வேண்டாம். ஆனால் சக்கரம் தொங்கும்போது போல்ட்டை முடுக்கினால் அது எப்போதும் முறுக்கிலேயே இருந்து கிழியும். வண்டி தரையில் நின்றபின்தான் இறுதியாக முடுக்க வேண்டும். பாலியூரித்தேன் புஷ் சுழல்வது. கிரீஸ் வற்றினால் கீச்சிடும். ராட் எண்ட் என்னும் திருகுமுனை மூட்டு வைத்த ஆர்மில் நீளத்தை மாற்றலாம், ஆனால் சாலையின் அதிர்வு கூடுதலாகக் கேபினுக்கு வரும்.

மாட்டும் வேலையில் டகோமாவின் தொல்லை ஒரு போல்ட். இரு புஷ்களையும் ஒரே நீளப் போல்ட் கோத்துச் செல்கிறது. அதை உருவும்போது எஞ்சின் அறையின் உள்தகடு மறிக்கும். தகட்டைச் சற்று மடக்க வேண்டியிருக்கும். பால் ஜாயின்ட்டைக் கழற்றியபின் நக்கிள் பிரேக் ஹோஸில் தொங்காதபடி கட்டி வைக்க வேண்டும். பழைய ஆர்மில் பிடித்திருந்த ஏபிஎஸ் ஒயரைப் புது ஆர்மில் இடம்பார்த்துக் கட்டி, ஸ்டியரிங்கை இரு எல்லைக்கும் திருப்பி இழுபடுகிறதா என்று சோதிக்க வேண்டும்.

மாட்டி முடிந்ததும் அலைன்மென்ட் கட்டாயம். சில நூறு மைல் ஓடியபின் போல்ட்களை மீண்டும் முடுக்கிப் பார்க்க வேண்டும். அதன்பின் ஒவ்வொரு முறை டயர் கழற்ற வண்டியைத் தூக்கும்போதும் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் மூட்டில் ஆட்டம் இருக்கிறதா என்பது கையிலேயே தெரியும்.