17-ஆம் ரூல் எது?

எனக்குப் பிறகு பொறுப்பேற்ற பையன்கள் ஃபயர்வால் லாக் முழுவதையும் ஒரு டாஷ்போர்டில் கொட்டிவிட்டார்கள். "இனிமேல் யாரும் டிசிபிடம்ப் அடிக்க வேண்டியதில்லை சார்" என்றார்கள். எனக்கு மனம் கசந்தது.

ஓபன்பிஎஸ்டியின் பழைய ஃபயர்வாலான ஐபிஃபில்டர் உரிமத் தகராறில் வெளியேற, டேனியல் ஹார்ட்மையர் எழுதிய பி.எஃப்., 2001 டிசம்பரில் ஓபன்பிஎஸ்டி 3.0-உடன் வந்தது. அன்றிலிருந்து எனக்கு அதுதான். ரூலில் 'லாக்' இருந்தால் பாக்கெட்டின் நகல் பி.எஃப்.லாக்0-க்குப் போகும். கார்டும் கேபிளும் இல்லாத இன்டர்ஃபேஸ் அது. ஆனாலும் நிஜக் கார்டில் பார்ப்பதுபோலவே டிசிபிடம்ப் வைத்துப் பார்க்கலாம். பி.எஃப்.லாக்-டி அங்கேயே காது கொடுத்திருந்து டிஸ்க்கில் எழுதும். இத்தனை சுத்தமான ஏற்பாட்டை நான் வேறெங்கும் கண்டதில்லை. மைனஸ் ஈ போடாமல் அதைப் படிப்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை. எந்த ரூல், தடுத்ததா விட்டதா, எந்தப் பக்கம், எந்த இன்டர்ஃபேஸ் எல்லாம் மைனஸ் ஈ காட்டும் ஹெட்டரில்தான் இருக்கின்றன.

ஆனால் அங்கே இருப்பது ரூலின் எண்தான், ரூல் அல்ல. என் காலம் முழுக்க மல்லுக்கட்டியது இதோடுதான். யாராவது மேலே ஒரு வரி சேர்த்து மறுபடி லோடு செய்தால் நேற்றைய 17 இன்றைக்கு 18. போன மாதத்துக் கோப்பைத் திறந்து இன்றைய பட்டியலில் 17-ஐத் தேடினால், சம்பந்தமே இல்லாத ரூல் வந்து நிற்கும். அதனால்தான் ரூல் மாறும் ஒவ்வொரு தடவையும், பி.எஃப்.சி.டி.எல். எண்ணோடு காட்டும் பட்டியலைத் தேதி போட்டு லாக் பக்கத்திலேயே வைக்கச் சொன்னேன். முணுமுணுத்தார்கள், நான் விடவில்லை. எந்தத் தேதியின் தடுப்புக்கும் காரணம் சொல்ல என்னால் முடிந்தது.

டாஷ்போர்டில் அந்தப் பட்டியல்கள் ஏறவே இல்லை. ஒரு வருடத்து 17-களையெல்லாம் ஒன்றாகக் கூட்டி, 'அதிகம் தடுத்த ரூல்' என்று சிவப்புப் பட்டை வரைந்திருக்கிறார்கள். அந்த வருடத்தில் 17 என்ற எண்ணில் மாறி மாறி உட்கார்ந்த ரூல்கள் எத்தனை? மேலதிகாரிகள் அந்தப் படத்தைப் பார்த்துக் கைதட்டினார்கள்.

அனுமதித்த பக்கத்துக்கும் இதே கதிதான். வெறும் 'லாக்' என்றால் ஸ்டேட்டை உருவாக்கும் முதல் பாக்கெட் மட்டுமே பதிவாகும்; மற்றவையும் வேண்டுமென்றால் 'லாக் ஆல்' போட வேண்டும். "ஒரே பாக்கெட்தானே சார் வெளியே போயிருக்கிறது" என்று ஒருவன் என்னிடம் நிம்மதியாகச் சொன்னான். அதன் பின்னால் ஒரு முழு டேட்டாபேஸே போயிருந்தாலும் அந்த லாகில் ஒரு வரிதான் இருக்கும். மேனுவலில் 'லாக்' பகுதியிலேயே இது இருக்கிறது. திறந்து பார்க்கத்தான் ஆளில்லை.