முக்திநாத் பயணம் – 2: இமயம் இடது பக்கம்

டெல்லியிலிருந்து காத்மாண்டு போகிறவர்கள் கேட்டு வாங்க வேண்டியது 'ஏ' இருக்கை. விமானம் கிழக்கே பறக்கிறது, இமயமலை வடக்கே நிற்கிறது. ஆகவே மலை மொத்தமும் இடது கைப் பக்கம். வலது ஜன்னலுக்குச் சமவெளியும் அதன் புகைமூட்டமும்தான். ஒன்றரை மணி நேரப் பயணத்துக்கு ஜன்னலுக்கென்று தனிக் கட்டணமா என்று யோசிப்பவர்கள் உண்டு. இந்தத் தடத்தில் யோசிக்கவே வேண்டாம், கொடுத்துவிடுங்கள்.

சென்னையிலிருந்து இரவோடு இரவாக டெல்லி வந்து சேர்ந்ததைப் போன வாரம் எழுதியிருந்தேன். காலை விமானத்தைப் பிடிக்கத்தான் அந்த அவசரம். வெயில் ஏற ஏற மலைச்சரிவின் ஈரக்காற்று மேலெழும்பி, மேகமாகத் திரண்டு சிகரங்களை மூடிவிடும். மாதமும் முக்கியம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைமேகம், ஏப்ரல் வாக்கில் தூசும் காட்டுத்தீப் புகையும். மழை ஓய்ந்த அக்டோபர், நவம்பர்தான் தெளிவான காலம். அப்போது காலைச் சூரியன் வலப்புறமாக நிற்பதால் இடது ஜன்னலில் கண்ணும் கூசாது.

'ஏ' என்றாலும் எந்த வரிசை என்று பார்க்க வேண்டும். ஏர்பஸ் ஏ320 போன்றவற்றில் நடு வரிசைகளில் உட்கார்ந்தால் இறக்கைதான் காட்சி. இறக்கைக்குச் சற்றுப் பின்னால் என்றால் எஞ்சினின் வெப்பக்காற்று குறுக்கே வந்து, மலை நடுங்குவதுபோல் தெரியும். படமும் கலங்கலாக விழும். முன்வரிசை கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் வாலை ஒட்டிய வரிசைகள்.

பாதி வழி தாண்டியதும் வடக்கே ஒரு வெள்ளைக் கோடு எழுந்தது. முதலில் மேகம் என்றே நினைக்கத் தோன்றும். மேகம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உருமாறும். இது அப்படியே நின்றது. ஜன்னலின் அடிப்பகுதியில் காற்றழுத்தத்தைச் சமன்செய்ய ஓர் ஊசித்துளை இருக்கும். அதைச் சுற்றிப் பனித்துகள்கள் பூத்திருந்தன. அவற்றுக்கு மேலே, அதே வெண்மையில், இமயம்.

“அதோ, தௌலாகிரி” என்றார் பக்கத்து இருக்கை இளைஞர், இந்தியில். வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறவர். அந்த மலையடிவாரத்தில்தான் அவர் வீடாம். இடம் மாறிக்கொள்ளலாம் என்று கூப்பிட்டேன். “நீங்கள் பாருங்கள் அண்ணா, நான் நாளைக்கு வாசலில் நின்றே பார்ப்பேன்” என்று சொல்லிவிட்டு, என் தோளுக்கு மேலாக எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

தௌலாகிரி 8,167 மீட்டர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அளந்து பார்த்தவர்கள், உலகிலேயே உயர்ந்தது இதுதான் என்று பல காலம் நம்பியிருந்தார்கள். அதற்குக் கிழக்கே மலைத்தொடர் சட்டென்று பிளந்து ஓர் ஆழமான பள்ளம் விழுகிறது. காளி கண்டகி ஆறு அறுத்த பள்ளத்தாக்கு அது. சாளக்கிராமக் கற்கள் கிடைப்பது அந்த ஆற்றில்தான். 108 திவ்ய தேசங்களில் ஒன்றான சாளக்கிராமம் என்று வைணவர்கள் சேவிக்கும் முக்திநாத் அந்தப் பள்ளத்தாக்கின் மேற்பகுதியில் இருக்கிறது. போகப்போகிற கோயிலின் வழியை வானத்திலிருந்தே பார்த்த நிமிடம் அது. என்னையறியாமல் கை கூப்பினேன்.

பள்ளத்தின் மறுகரையில் அன்னபூர்ணா, 8,091 மீட்டர். எட்டாயிரம் மீட்டரைத் தாண்டிய சிகரங்களில் மனிதர் முதன்முதலாக ஏறியது இதில்தான், 1950இல், ஒரு பிரெஞ்சுக் குழு. அதன் பக்கத்தில் கூர்மையாக நிற்கும் மச்சபுச்சரே சிவனுக்குரியது; அதில் ஏற அனுமதி இல்லை. பிறகு மனாஸ்லு, கணேஷ் ஹிமால். அதற்குள் விமானம் இறங்கத் தொடங்கி, படிக்கட்டு வயல்கள் வந்துவிட்டன.

எவரெஸ்டை இந்தத் தடத்தில் எதிர்பார்த்து உட்காராதீர்கள். அது காத்மாண்டுக்குக் கிழக்கே ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அதைப் பார்க்க டெல்லி–பாக்டோக்ரா, காத்மாண்டு–பாரோ தடங்கள் உண்டு. இரண்டிலும் இடது ஜன்னல்தான்.

மேற்கே திரும்பினால் பக்கம் மாறிவிடும். காத்மாண்டிலிருந்து பொக்காரா போகும் சிறு விமானத்திலும், டெல்லிக்குத் திரும்பும்போதும் வலது ஜன்னலைக் கேளுங்கள். போக வர டிக்கெட் எடுக்கிறவர்கள் இரண்டு இருக்கைகளையும் அன்றைக்கே பதிவு செய்துவிடுங்கள். அக்டோபரில் அவைதான் முதலில் தீர்கின்றன.

(தொடரும்)