பழவேற்காட்டுக் கரையில் காலை நடை

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கி.மீ. போனால் பழவேற்காடு. ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்து நாட்டின் பெரிய உவர்நீர் ஏரி இதுதான். விடியும் முன்பே கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் கரைகள் விழித்துவிடும். படகுகளிலிருந்து இறாலும் நண்டும் இறங்கும். மார்கழி, தை மாதங்களில் ஆழமில்லாத தண்ணீரில் பூநாரைக் கூட்டம் தெரியும்.

இங்கே யார், எந்த இடத்தில், எந்த நாளில் வலை போடலாம் என்பதைப் 'பாடு' என்ற பழைய முறை முடிவு செய்கிறது. முறை வந்த நாளில் கம்பு ஊன்றிப் படகு தள்ள வேண்டும். சேற்றில் நின்று வலை இழுக்க வேண்டும். கை, கால், இடுப்புக்கு அதுவே பயிற்சி. அதைவிடப் பெரிது, 'நாளைக்கு நம் முறை' என்ற எண்ணம். வயதாகித் தண்ணீரில் இறங்குவதை நிறுத்தும்போது இரண்டும் ஒன்றாகப் போய்விடுகின்றன. பெரியவர் திண்ணையில் உட்காருகிறார். தூக்கம் குறைகிறது, சாப்பாடு பிடிப்பதில்லை, சின்னப் பேச்சுக்கும் கோபம் வருகிறது. 'வயசாயிடுச்சு, அப்படித்தான்' என்று வீட்டார் விட்டுவிடுகிறார்கள். நிலத்தை மகனிடம் ஒப்படைத்த விவசாயிக்கும் இதே கதைதான். மீன் கூடையை இறக்கிவைத்த பெண்களை வீட்டு வேலை விடுவதில்லை. ஆனால் அடுப்படி வெளிக்காற்று ஆகாது.

65 வயது கடந்தவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும், 3 நாளாவது தடுமாறி விழாமல் இருப்பதற்கான பயிற்சியும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தினம் அரை மணி நேரம், வாரம் 5 நாள் நடந்தால் முதல் கணக்கு சரியாகிவிடும். தமிழக அரசு 2023-இல் மாவட்டந்தோறும் 8 கி.மீ. நடைபாதைத் திட்டம் தொடங்கியது. முதியவருக்கு அவ்வளவு தூரம் தேவையில்லை; ஏரிக்கரையோ வயல் வரப்போ போதும். காலை வெளிச்சம் கண்ணில் பட்டால் இரவுத் தூக்கம் ஒழுங்காகும். துணைக்கு ஒருவர் இருந்தால் பேச்சும் கிடைக்கும். வழியில் படகுக்காரர் நின்று காற்று எப்படி என்று கேட்டால், அன்றைக்கு அவருக்கு வேறு மருந்து வேண்டாம்.

வெயில் ஏறுமுன் திரும்பிவிட வேண்டும். சேற்றில் வழுக்காத செருப்பு அவசியம். சர்க்கரை, இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுத் தொடங்கட்டும். முகத்துவாரப் பக்கம் தனியாகப் போகக் கூடாது.

இரண்டு வாரத்துக்கு மேல் சோர்வு நீங்காவிட்டாலோ, 'இருந்து என்ன பயன்' என்ற பேச்சு வந்தாலோ நடை மட்டும் போதாது. உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றி மனநல ஆலோசனை கிடைக்கும், தமிழிலேயே பேசலாம்.